வேண்டிய பிள்ளை

நான் படித்த கல்லூரியின் முன்னாள் மாணவர் செய்திமடலை வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது நான்தான். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஜெராக்ஸ், லேமினேஷன் என்று பொழுது ஓடும். அதற்கு நடுவே செய்திமடலின் நாலு பக்கம். கூலி கிடையாது. பழைய மாணவி என்ற உரிமையில் என் தலையில் கட்டினார்கள், நானும் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன்.

வருகிற செய்திகளைப் பார்த்தால், எங்கள் கல்லூரியில் படித்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டே வாழ்கிறார்கள் என்று தோன்றும். பதவி உயர்வுக்குப் பொன்னாடை, பணி ஓய்வுக்குப் பொன்னாடை, வகுப்பறைக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் அதற்கும் பொன்னாடை. மின்விசிறி கொடுத்த ஒருவர் அதன் இறக்கைகளில் தன் பெயரை எழுதி ஒட்ட ஸ்டிக்கர் கேட்டு வந்தார். "சுத்தும்போது படிக்க முடியாதே அண்ணாச்சி" என்றேன். "கரண்ட் போகும்போது தெரியும்லா" என்றார். ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தேன்.

முன்னாள் மாணவர் சங்கத்தின் செயலாளர் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். எங்கள் வீட்டில் அப்போது அப்பாவுக்கு வேலை இருந்தால்தான் மத்தியானச் சோறு. அது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நான் கேட்காமலே அவள் டிபன் பாக்ஸில் எனக்கும் சேர்த்து வரும். பிற்பாடு என் கல்யாணத்தில் தோழியாக நின்றவள் அவள், கடை திறந்தபோது குத்துவிளக்கு ஏற்றியவளும் அவள்தான். அவளை நம்பினேன் என்று சொன்னால்கூடச் சரியாக இருக்காது. நம்புவதா வேண்டாமா என்ற யோசனையே எனக்கு வந்ததில்லை.

போன வருஷம் சங்கத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். மின்விசிறி, நாற்காலி எல்லாம் போதும், ஒரு பெண்பிள்ளையின் மேல்படிப்புச் செலவு முழுவதையும் சங்கமே ஏற்க வேண்டும் என்று. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. செய்திமடலின் முதல் பக்கத்துக்கு ஒரு தலைப்பு போட்டேன்: 'உதவி வேண்டிய பிள்ளைக்குக் கை கொடுப்போம்'. அவளுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தாள்.

"ஏட்டி, தலைப்புல 'உதவி'ய மட்டும் எடுத்துரு. பிச்ச போடுத மாதிரி இருக்கு. வாங்குத பிள்ளைக்குக் கூச்சமா இருக்கும்லா."

எடுத்தேன். 'வேண்டிய பிள்ளைக்குக் கை கொடுப்போம்' என்று ஆயிற்று. கேட்காமலே சோறு கொண்டுவந்தவளுக்குத்தான் இந்த நாசூக்கு வரும் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு என் செட்டில் படித்த ஒவ்வொருவரையும் போனில் பிடித்து நச்சரித்தேன். துபாயில் இருப்பவனையும் விடவில்லை. நல்ல மனசோடு கொடுத்தார்கள்.

அந்தப் பணம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேலநீலிதநல்லூர் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருவாள். எங்கள் கல்லூரியிலேயே கணக்குப் பாடம், கடைசி வருஷம், வகுப்பில் முதலாவதாக வருகிறவள். அவள் அப்பா ஆடு மேய்க்கிறவர். சிவகிரிப் பக்கத்திலிருந்து பெண் கேட்டு வந்திருந்தார்கள். செலவு முழுவதையும் யாராவது ஏற்றால் மேலே படிக்கலாம், இல்லையென்றால் ஆவணியில் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார். நியாயமான மனிதர். நான்தான் அவளிடம், "ஒனக்குத்தான் கெடைக்கும். செயலாளர் என் சேக்காளி. அப்பாட்ட தைரியமாச் சொல்லு" என்றேன். அந்தச் சொல்லை நம்பி, அவர் சிவகிரிக்குப் போய் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

தேர்வுக்குழு என் தோழியின் வீட்டு ஹாலில் கூடியது. படம் எடுப்பதற்காக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பெண் வந்தாள், கேட்ட கேள்விக்கெல்லாம் பதறாமல் பதில் சொன்னாள், கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். குழுவில் மூத்தவர் ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி. அவர் டீயை வாங்கிக்கொண்டே, "பிள்ள நல்லாப் பேசுது. நமக்கு வேண்டிய பிள்ளதானா?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "ரொம்ப வேண்டிய பிள்ள அண்ணாச்சி. அவ அப்பா ஆடு மேய்க்காரு. வேற வருமானம்னு ஒண்ணும் கெடையாது."

அவர் பொறுமையாகச் சிரித்தார். "அதக் கேக்கலம்மா. நமக்கு வேண்டிய பிள்ளயான்னு கேட்டேன்."

'நமக்கு' என்பதை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். எனக்கு அப்போதுகூட முழுதாக உறைக்கவில்லை. தோழியைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பால் போன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் அவருக்குப் பதில் சொன்னாள். "இல்லண்ணாச்சி. அவங்க வேற ஆளுக."

யாரும் திடுக்கிடவில்லை. மிக்சர் தட்டு கை மாறியது. அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

சாதி பார்க்கிறார்கள் என்பது எனக்குப் புதிய சேதி இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவளுக்கு, தாய்மாமன் பெயர் வரிசையைப் பார்த்தாலே எல்லாம் தெரிந்துவிடும். குடும்பத்துக்கு வேண்டியவர், கட்சிக்கு வேண்டியவர் என்று நானும்தான் நாள்தோறும் பேசுகிறேன். என் தலைப்பை மட்டும் நான் அப்படிப் படிக்கவில்லை. ஆனால் வேண்டிய பிள்ளை என்றால் யார் என்று எங்கள் ஊரில் இன்னும் எத்தனையோ பேருக்கு ஒரு நொடிகூட ஆகாமல் விளங்கியிருக்கும். விளங்க வேண்டும் என்றுதான் அவள் அந்த ஒரு சொல்லை எடுக்கச் சொல்லியிருக்கிறாள். என் கையாலேயே எடுக்க வைத்தாள், நான் அதற்குக் கண் கலங்கினேன். எனக்கு ஆறவே இல்லை, இப்போதும் ஆறவில்லை.

எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்து கேட்டேன். "'உதவி'ய எதுக்குட்டி எடுக்கச் சொன்ன?"

"பின்னால யாரும் கேள்வி கேக்கக் கூடாதுல்லா" என்றாள். குரலில் கூச்சம் எதுவும் இல்லை. "பணம் குடுத்தது முக்காவாசி நம்ம ஆளுக. என்ன நெனச்சுக் குடுத்தாவளோ அதத்தானே செய்ய முடியும்."

"நம்ம ஆளுகன்னு என்கிட்டச் சொல்லுத. நானும் ஒங்க ஆளு கெடையாதே."

"ஏட்டி, ஒன்னய நான் என்னைக்காவது அப்படிப் பாத்திருக்கனா?"

அவள் நிஜமாகவே மனம் நொந்துதான் கேட்டாள். அதுதான் என்னைக் கொன்றது. அப்படிப் பார்க்காமல் இருப்பது அவள் எனக்குச் செய்த சலுகை என்று எனக்கு அதுவரை தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து பகிர்ந்து தின்ற சோறெல்லாம் எனக்கு விட்டுக்கொடுத்த சோறு என்று ஆகிவிட்டது. கேமராப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உதவி வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. அவளும் நன்றாகப் படிக்கிற பிள்ளைதான், அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. செய்திமடலை இனி வேறு ஆளிடம் கொடுத்துக்கொள் என்று தோழிக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த இதழ் திருநெல்வேலியில் அச்சாகி வழவழப்பாக வந்தது. அதில் எல்லோரும் பொன்னாடையோடு நின்றார்கள்.

கணக்குப் படித்த அந்தப் பெண் ஆடி மாதம் கடைக்கு வந்தாள். மாற்றுச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன்.

"அப்பா திரும்பப் போய்க் கேட்டாவ. மாப்ள வீட்டுல சரின்னுட்டாங்கக்கா. ஆவணியில வச்சிருக்கு" என்றாள். சண்டை பிடிக்க வந்தவள் மாதிரி இல்லை. கிளம்பப் போனவள் நின்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எங்களுக்கெல்லாம் அங்கன குடுக்க மாட்டாங்கன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமாக்கா?"

"தெரியாதும்மா."

"அந்த அக்கா உங்க சேக்காளிலா."

"ஆமா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் கேட்டதற்கு விடை அதிலேயே கிடைத்துவிட்டது போலிருந்தது. தெரியாது என்று நான் இன்னொரு தடவை சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் ஊர் பஸ் வந்துவிட்டது.