நான் திறந்த மதகு

உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் ஏரி தொடர்ந்து இரண்டு வருடம் நிரம்பவில்லை. பயிர் வைக்க வழியில்லாமல், கடலோரத்தில் இருந்த ஓர் இறால் பண்ணைக்குக் காவல் வேலைக்குப் போனேன். பண்ணைக்குக் கீழே சின்னதாக ஒரு குளம். அதைச் சுற்றி மூன்று குப்பங்கள். எல்லாம் சேர்த்து நாற்பது வீடு இருந்தால் அதிகம். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் அந்தத் தண்ணீர் மட்டும் எப்படி இனித்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவர்கள் குடித்தது அதைத்தான். நானும்தான். கடலை ஒட்டிய முதல் வீட்டில் இருந்த மீன்காரப் பெண் காலையில் தண்ணீருக்கு வரும்போது என் கேனையும் நிரப்பி வைத்துவிட்டுப் போவாள்.

ஐப்பசியில் விடாத மழை. உப்புத் தண்ணீர் கட்டியிருந்த இறால் குட்டைகள் தளும்பி நின்றன. மதியம் முதலாளி போனில் கூப்பிட்டு, கரை உடைந்தால் இறால் மொத்தமும் போய்விடும், கீழ் மதகைத் திறந்துவிடு என்றார். கீழே குடிதண்ணீர்க் குளம் இருக்கிறது என்றேன். மழையோடு மழையாகப் போய்விடும், ஒன்றும் ஆகாது என்றார். ஆகும் என்று எனக்குத் தெரியும். பயிர் வைத்தவனுக்குத் தண்ணீர் எங்கே போகும் என்று தெரியாதா? இருந்தும் மதகுப் பலகையைத் தூக்கினேன்.

நான்கு நாளில் குளத்து மீன்கள் செத்து மிதந்தன. தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. கடல் ஏறிவிட்டது என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன். மீன்காரப் பெண் மட்டும் என் கொட்டகைக்கு வந்து நின்றாள்.

“கடலு ஏறலண்ணா. ஏறியிருந்தா மொதல்ல எங்க வூட்டுலதான் பூந்திருக்கும். நீதான் தொறந்து வுட்டியா?”

“ஆமாம்மா. மொதலாளி சொன்னாரு.”

“கொளத்துக்குத்தான் போவும்னு தெரியுமா?”

தெரியும் என்றேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவள் திட்டவில்லை.

“நீயும் அதத்தான குடிச்சிக்கினு இருந்த” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டேன். குப்பத்துக்காரர்கள் பண்ணையின் மேல் புகார் கொடுத்ததாகவும், மதகைத் திறந்ததை நேரில் பார்த்த சாட்சி இல்லை என்று அது அப்படியே நின்றுபோனதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். நான் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

போன மாசியில் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனவன், குப்பம்வரை நடந்தேன். குளத்தில் இறங்குவாரில்லை. வாரத்துக்கு இரண்டு முறை லாரியில் தண்ணீர் வருகிறதாம். முதல் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் விசாரித்தேன். அவள் சென்னையில் எங்கேயோ வீட்டு வேலை செய்கிறாள் என்றார்.

நான் யார் என்று கேட்டார். முன்பு அவளிடம் மீன் வாங்குவேன் என்றேன்.