ஊமைப் பெட்டிக்குக் காது முளைத்தது

மலைமேல் இருக்கிற சோளக்காடு என்ற ஊரில் மைக்செட் என்றால் அண்ணாமலைதான். மிளகுக்கொடி இருந்தது, குச்சிக்கிழங்குக் காடு இருந்தது. இருந்தாலும் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவன் என்றே ஊர் அவனை அறியும். அத்தனை சத்தத்தை வாடகைக்கு விட்டவனுக்கு வாய்த்த பெண்டாட்டியோ, பேசினால் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கேட்காது.

சென்னம்மாள் அயலில் எடுத்த பெண் இல்லை. அவன் தாய்மாமன் அர்த்தனாரிக்கு மூன்றாவதாகப் பிறந்தவள். ஏழு பிள்ளைகள் இருந்த அந்த வீட்டில் கத்தினவர்களுக்குத்தான் சோறு முதலில் விழும். இவள் கடைசியில் வாங்கித் தின்றே பழகியவள். ஆனால் தனியாக மிளகு காயவைக்கும்போது அவளுக்குப் பாட்டு வரும். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, அவளே கட்டுவது. "மிளகே மிளகே கருத்துக்கோ, வெயில் வந்தாச் சிரிச்சுக்கோ" என்று பூனையிடம் பேசுகிற மாதிரிப் பாடுவாள். திடீரென்று பனிமூட்டமாய் மஞ்சு இறங்கி வாசல் மறைந்துபோகும். ஆள் தெரியாது, பாட்டு மட்டும் அந்த வெள்ளைக்குள்ளிருந்து வரும். அண்ணாமலை வேலியோரம் நின்று, காலில் அட்டை ஏறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

அதை ஒரு தரமாவது பிடித்து அவளுக்கே போட்டுக் காட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. டேப்பில் பிடித்துப் பார்த்தான். 'உஸ்' என்ற இரைச்சல்தான் பாடியது, சென்னம்மாளைக் காணோம். டேப் சுற்றுவது கேட்டதும் அவளும் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அது உறுமுதுங்க. எனக்குப் பாட்டு ஓடிப்போயிருது."

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் சேந்தமங்கலத்துக் கல்யாணம் ஒன்றில் கீபோர்டு வாசிக்க வந்தவர், "இப்பெல்லாம் ஊட்டுலயே கம்ப்யூட்டர்ல பாட்டுப் புடிக்கலாங்ணா, இரைச்சலே வராது" என்று சொல்லிவைத்தார். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கத்திலும் அந்த நினைப்புதான். மஞ்சுக்குள் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதற்குள் சென்னம்மாள் பாடிக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷத்து மிளகு விற்றதும் நாமக்கல்லுக்கு பஸ் ஏறினான். கடைக்காரர் தரணிதரன் பொறுமைசாலி. நான்கு கம்ப்யூட்டர்களை ஓடவிட்டுக் காட்டினார். அண்ணாமலை திரையைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் காதை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏனுங்க, கம்ப்யூட்டர் வாங்கறீங்களா, பலாப்பழம் வாங்கறீங்களா?"

"இது கொர்ருங்குதுங்க."

"உள்ள ரெண்டு ஃபேன் ஓடுதுங்க. இல்லீன்னா சூடாயிரும்."

"எங்க மலையில நாங்களே போர்வைக்குள்ள கெடக்கறோம், அதுக்கெதுக்குங்க ரெண்டு காத்தாடி? சத்தமே வரக்கூடாது. அந்த மாதிரிக் குடுங்க."

தரணிதரன் யோசித்துவிட்டு மூலையிலிருந்த ஐந்தாவது பெட்டியைக் காட்டினார். "ஆபீசுல டைப் அடிக்கறவங்க வாங்கறதுங்க. இதுல சத்தமே வராது."

காதை வைத்தான். தும்பி ஒன்று இலையில் வந்து உட்கார்ந்தாற்போல இருந்தது, அவ்வளவுதான். சொக்கிப்போய்விட்டான். மைக் குத்துகிற ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. அதுவும் மைக்செட்காரனுக்கு!

காளப்பநாயக்கன்பட்டி தாண்டி மலைப்பாதையின் எழுபது வளைவும் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை. "என்னங்ணா, புதுப்பொண்ணாட்டம் புடிச்சிருக்கீங்க?" என்று கண்டக்டர் கேட்டதுகூட அவன் காதில் ஏறவில்லை.

வீட்டில் இறக்கி, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். மறுநாள் பூத்திலிருந்து போன் போட்டான்.

"மைக் மாட்ட எடமே இல்லீங்களே!"

"அதுல சவுண்ட் கார்டு இல்லீங்க. நீங்கதானுங்க சத்தமே வரக்கூடாதுன்னீங்க?" தரணிதரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கார்டு போட்டாத்தானுங்க அதுக்குக் காது. சேலத்துல சொல்லி வாங்கணும். பத்து நாள் ஆகுங்க."

செய்தி சந்தை முழுக்கப் பரவியது. மைக்செட்காரன் ஊமையை விலைக்கு வாங்கி வந்தான் என்று வாழைத்தார் விற்கிறவர்கள்கூடச் சிரித்தார்கள். சென்னம்மாளுக்கு மட்டும் பெட்டியைப் பிடித்துப்போயிற்று. தினமும் துணியால் துடைத்தாள். "ஏன் சாமி ஊமையா, உன்னையக் கண்டா எல்லாருக்கும் எளக்காரமா?" என்று அதனிடம் பேசினாள். அது உறுமவில்லை, சிரிக்கவில்லை. நான்காம் நாள் மிளகை உள்ளே கொண்டுவந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள். அப்படியே பாட்டும் வந்துவிட்டது.

பதினோராம் நாள் கார்டு கடைக்கு வந்தது, போய் வாங்கி வந்தான். தரணிதரன் காட்டிக் கொடுத்தபடி அண்ணாமலையே பெட்டிக்குள் திருகிப் பூட்டினான். மைக்கை மிளகுக் கூடைக்குப் பின்னால் வைத்தால் அவளுக்குத் தெரியவே தெரியாது. வைத்தும்விட்டான். பிறகு என்னவோ மனசு ஒப்பவில்லை, எடுத்து அவள் எதிரிலேயே வைத்தான்.

"கண்ணு, இன்னைக்கு இதுக்குக் காது வந்திருச்சு."

மிளகு பொறுக்கிக்கொண்டிருந்த சென்னம்மாள் கை நின்றது. வெளியே மஞ்சு வாசலைக் கடந்து நடை வரைக்கும் வந்திருந்தது. பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"காது மட்டுந்தானுங்களே? வாய் இல்லீங்களே?"

"இதுக்கு ஸ்பீக்கர் வாங்கலை புள்ள. காதுல மாட்டறதுதான் இருக்குது."

"அப்பக் கேட்டுட்டுப் போகட்டும். பத்து நாளாப் பழகுனவன்தானுங்க."

பாடினாள். முடிந்ததும் அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினான். அறையில் துளிச் சத்தமில்லை. அவன் முகம் போகிற போக்கை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் உதடு 'கருத்துக்கோ' என்று அசைந்தது.

மிளகை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்தாள்.

"நகருங்க. என்னதான் பாடறேன்னு நானுங் கேக்கறேன்."