விருத்தாசலத்துக்கு எந்த கேபிளை எடுத்துப் போவது?

போன செவ்வாய்க்கிழமை விருத்தாசலத்துப் பீங்கான் ஆலை ஒன்றில், மின்வெட்டுக்குப் பிறகு, கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் தன் அமைப்புகள் எல்லாவற்றையும் மறந்து உட்கார்ந்துவிட்டது. அதைச் சரிசெய்யத்தான் இந்தப் பயணம். விழுப்புரத்தில் காலை 9.40-க்குப் பஸ் ஏறி வேப்பூரில் இறங்கினேன். டீயும் இரண்டு வடையும் 34 ரூபாய். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் 22 கிலோமீட்டர். 12.30-க்கு ஆலை வாசலில் நின்றேன்.

பையில், லேப்டாப்பிலிருந்து ஸ்விட்சோடு பேச உதவும் என் வழக்கமான கன்சோல் கேபிள். அதன் ஒரு முனை நெட் ஒயர் போலவே இருக்கும். முந்தின நாள் அவர்கள் அனுப்பிய படத்தில், ஸ்விட்சின் முன்பக்கம் அதற்கேற்ற துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அதை நம்பி வந்தேன், என்னைச் சொல்ல வேண்டும்!

சூளை மேற்பார்வையாளர் கலைச்செல்வி ஸ்விட்சைத் திருப்பினார். பின்னால் கறுப்பு டேப்.

"களிமண் தூசி பூந்துடுது சார். சும்மா இருக்குற ஓட்டைய எல்லாம் டேப்பு போட்டு மூடிடுவோம்."

உரித்தால் உள்ளே பழைய ஒன்பது ஊசி போர்ட். என் கேபிள் அதில் நுழையவே நுழையாது.

அவருக்கோ அவசரம். ஐந்து மணிக்கு ஸ்கூல் ஆண்டு விழாவில் மகள் ஆடுகிறாள். நெட்வொர்க் வந்தால் சூளையின் வெப்பத்தை மேனேஜர் ஆபீஸ் திரையிலேயே பார்த்துக்கொள்வார். வராவிட்டால் கலைச்செல்விதான் அரை மணிக்கொரு முறை சூளையடியில் நின்று குறிக்க வேண்டும். "போன வருஷமும் போவ முடியல சார்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஆலையில் எடை மெஷினுக்கு வாங்கி வைத்த உபரி ஒன்பது ஊசி கேபிள் ஒன்று இருந்தது. என் லேப்டாப்பில் செருகியிருந்த ஒன்பது ஊசி அடாப்டரிலும் ஸ்விட்சிலும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. வேகத்தை மாற்றினேன், மென்பொருளைத் திட்டினேன். மூன்றே காலுக்குத்தான் மண்டையில் உறைத்தது: அது நேர் கேபிள். இரண்டு பக்கமும் ஒரே கம்பியில் பேசிக்கொண்டும், இன்னொரு கம்பியில் பதிலுக்குக் காத்துக்கொண்டும் இருந்தன. இதற்குக் குறுக்கு கேபிள் வேண்டும்.

"ரெண்டாம் ஊசி கம்பியையும் மூணாம் ஊசி கம்பியையும் மாத்தி வச்சிட்டா போதுங்களா?" என்று கேட்டபடியே கலைச்செல்வி சால்டரிங் அயர்னைச் சூடேற்றிவிட்டார். 4.10-க்குத் திரையில் எழுத்துகள் ஓடின. 4.35-க்குச் சூளையின் வெப்பம் ஆபீஸ் திரைக்கு வந்தது. "போயிட்டு வரேன் சார்!" என்ற குரல் கேட்டுத் திரும்புவதற்குள் ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டியிருந்தது.

இந்த மாதிரி வேலைக்குப் போகிறவர்கள் கருவியை நாலு பக்கமும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், டேப்பை உரித்துவிட்டு. ஒன்பது ஊசி என்றால் நேரா குறுக்கா என்று கையேட்டில் பாருங்கள். பொருந்திவிட்டது என்பதற்காக எந்த கேபிளையும் நம்பாதீர்கள். நேரைக் குறுக்காக்கும் குட்டி அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும்.

பஸ் ஸ்டாண்டில் இதைக் குறித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பாட்டுச் சத்தத்தில் கலைச்செல்வி கத்தினார்: "சார், என்னைப் பாத்துட்டு ஆட்டத்தையே வுட்டுட்டு கை காட்டுறா சார்!"