கரீம் பாட்சா பார்த்த மான்கொம்பு

தாராவியில் தோல் பெல்ட் தைக்கிற கரீம் பாட்சாவுக்குப் பக்ரீத் நெருங்கினால் தொழிலே வேறு. சந்தில் ஆடு வாங்குகிற எல்லாரும் அவரைத்தான் தேவனார் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பிறகு கொம்பின் அடியில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். கொம்பு வேரோடு உடைந்த ஆடு, பக்ரீத்துக்குப் பலி கொடுக்கிற குர்பானிக்கு ஆகாது. வியாபாரி மெழுகு வைத்து ஒட்டி எண்ணெய் தடவிக் கொண்டுவந்தாலும் அந்த விரலை ஏமாற்ற முடியாது.

அதே விரல்தான் அவரைப் போரிவலி தேசியப் பூங்காக் காட்டில் மாட்டிவிட்டது.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் பரீஹா மூன்றாம் வகுப்பு, மான் என்றால் அவளுக்கு உயிர். மனைவி நுஸ்ரத் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொள்ள, மூவரும் காலையிலேயே மாஹிமில் ரயிலேறிவிட்டார்கள்.

காட்டுப் பாதையில் கொஞ்சதூரம்தான் நடந்திருப்பார்கள். பரீஹா வாப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மூங்கில் புதரை ஒட்டிப் புள்ளிமான் கூட்டம்! மரத்து மேலே குரங்குகள் தின்றது பாதி, உதிர்த்தது பாதி. உதிர்ந்த இலையெல்லாம் கீழே மான்களுக்கு விருந்து. பெட்டைகளுக்குக் கொம்பு இல்லை. நடுவில் ஒரே ஒரு கிடா, இடது காது கிழிந்தது.

"வாப்பா, கொம்பு மானு! ஆனா ஒத்தக் கொம்புதான் இருக்கு!"

கரீம் பாட்சா உற்றுப் பார்த்தார். இன்னொரு கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் புண், ரத்தச் சிவப்பு.

"எவனோ ஒடிச்சிருக்கான். வேரோட போயிருக்கு. ஈ மொய்ச்சா புழு வச்சிரும். பொழைக்காது, நுஸ்ரத்து."

"இல்ல வாப்பா, அது தானா விழுமாம். எங்க டீச்சர் சொன்னாங்க."

"ஒங்க டீச்சர் ஆடு வாங்கியிருக்காளா? கொம்பு என்ன பல்லா, விழுந்து மொளைக்கதுக்கு?"

"வந்த எடத்துலயுமா கொம்பு?" என்றாள் நுஸ்ரத். "பேசாம நடங்க."

அவர் நடக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு, புண்ணைத் துடைத்துவிடும் வேகத்தில் பாதையை விட்டு இறங்கிவிட்டார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் தலையைத் தூக்கியது. ஒரு பெட்டை முன்னங்காலைத் தரையில் ஓங்கித் தட்டியது. இன்னொன்று கீச்சென்று கத்தியது. வால்கள் விறைத்து நிமிர, அடிப்பக்க வெள்ளை பளிச்சிட, நாலாபக்கமும் துள்ளல்!

"அரே சாச்சா!" காவலுக்கு நின்ற மராத்திப் பெண் ஓடிவந்தாள். "முதல்ல பாதைக்கு வாங்க!"

"மேடம், அது தலையில ரத்தம். டாக்டரைக் கூப்பிடுங்க, செத்துரும்!" தெரிந்த இந்தியில் அவர் கதறினார்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள். "சத்தம் போடாம நில்லுங்க. மிச்சம் இருக்கிற கொம்பைப் பாருங்க."

கிடா மட்டும் தூரம் போகவில்லை. ஒரு மரத்தில் தலையைத் தேய்த்தது. கொம்பு ஆடியது. தலையை ஓர் உதறு உதறியது. தொப்!

"யா அல்லா! அதுவும் போச்சே!" கரீம் பாட்சா தன் தலையிலேயே கை வைத்துக்கொண்டார். இப்போது சாயும், இதோ சாயப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிடா காதை ஆட்டிவிட்டுப் புல் மேயப் போனது. ஒரு பெட்டை திரும்பி வந்து, விழுந்த கொம்பை மோந்து, கறுக்கு கறுக்கென்று கடிக்க ஆரம்பித்தது.

"அதுல சுண்ணாம்புச் சத்து இருக்கு, விடாது" என்றாள் காவல்காரி. "ஆட்டுக்கொம்பு ஆயுசுக்கும் ஒண்ணு. உள்ள எலும்பு, மேல உறை. மான்கொம்பு முழுக்க எலும்பு, கிடாவுக்கு மட்டும். வருஷாவருஷம் விழும். புதுசு ரோமத்தோல் போர்த்திக்கிட்டு, ரத்தம் ஓட, வெதுவெதுன்னு வளரும். இறுகினதும் தோல் காஞ்சிரும், மரத்துல தேய்ச்சு உரிச்சுப் போட்டுரும்."

பரீஹா வாப்பாவைப் போலவே குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு அவரிடம் கேட்டாள்: "ஒங்க டீச்சர் ஆடு வாங்கியிருக்காளா?"

நுஸ்ரத் துப்பட்டாவுக்குள் சிரித்தாள். கொஞ்சம் முறைத்துப் பார்த்துவிட்டு அவரும் சிரித்துவிட்டார்.

குளிர்காலம் வந்ததும் அவரே மகளை உலுக்கி எழுப்பினார். "ஏட்டி, கெளம்பு. அது பொழைச்சிருக்கான்னு பாக்கணும்."

இருந்தது! அதே கிழிந்த காது. தலையில் இரண்டு புதுக் கொம்பு, ஸ்வேட் தோல் தைத்துவிட்டது மாதிரி மெத்தென்று. பாதையில் நின்றபடியே கரீம் பாட்சாவின் கட்டைவிரல் தானாக மேலே எழும்பியது.

"வாப்பா, மேடம் ஏசுவாங்க!"

"தெரியும்ட்டி." விரலைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, சந்தையில் சொல்கிற அதே மிடுக்கோடு, கூட வந்திருந்த நுஸ்ரத்திடம் சொன்னார்: "வேரு நல்லாருக்கு."