அம்மாவை எந்தக் கோயிலில் எடுப்பது

சென்னையில் எடிட்டிங் வேலை பார்த்துக்கொண்டு, பெண்கள் தங்கள் சொந்தக் குடும்பத்தைப் பற்றி எடுத்த ஆவணப்படங்களாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி அப்பாவின் முகத்துக்கு நேரே கேமராவை வைத்துக்கொண்டு, அத்தனை வருஷமாகக் கேட்காத கேள்வியைக் கேட்கிறாள். இன்னொருத்தி தன் பெயர் எப்படி வந்தது என்று வீடு வீடாக விசாரிக்கிறாள். அந்தத் தைரியம் எனக்கும் தொற்றிக்கொண்டது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், அம்மாவைப் படமெடுக்க எங்கள் ஊர் மரக்காணத்துக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அம்மா உப்பளத்தில் கூலி வேலை செய்கிறாள். புடவைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உப்பு வாருவாள். ஞாயிற்றுக்கிழமை சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, பொட்டில்லாத நெற்றியோடு சர்ச்சுக்குப் போய் முட்டி போடுவாள். இரண்டையும் எடுத்தேன். எடுத்தவரை எனக்கு ஒரு குழப்பமும் இல்லை.

லேப்டாப்பில் அதைப் பார்த்த தங்கைதான், சர்ச் வருகிற இடத்தையெல்லாம் தூக்கிவிடு என்றாள். அவள் அரசுத் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருந்தாள். சான்றிதழில் நாங்கள் இந்து, பட்டியல் சாதி. கிறிஸ்தவர்கள் என்று யாராவது எழுதிப் போட்டால் அந்த ஒதுக்கீடு போய்விடும், கிடைத்த வேலையும் போய்விடும். எனக்குத் தெரியாததா? சாதிச் சான்றிதழுக்கு விசாரிக்க ஆள் வருகிறார் என்றால் எங்கள் வீட்டில் மாதா படம் சுவரிலிருந்து இறங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் போகும், அம்மாவின் நெற்றிக்குப் பொட்டு வரும். அவர் தெரு திரும்பியதும் மாதா ஆணிக்குத் திரும்பிவிடுவாள். நான் காலேஜில் சேர்ந்ததே அப்படி வாங்கிய சான்றிதழில்தான். அதை வசதியாக மறந்துவிட்டு, உண்மையை வெட்ட முடியாது என்று தங்கையிடம் வீராப்பாகப் பேசினேன்.

"உனக்கு இது ஒரு படம்க்கா. எனக்கு வேலை," என்றாள். பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த அம்மா ஒரு வழி சொன்னாள். "பொட்டு வெச்சுக்கினு அம்மன் கோயிலுக்கு வர்றேன். அத எடுத்துப் போட்டுக்க, சர்ச்ச வெட்டிடு."

இது உண்மைப் படம், இதில் நடிக்கக் கூடாது என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்க எனக்கே தலை சுற்றியது. உப்பு வாரத் தொடங்கும் நாளில் மற்றப் பெண்களோடு சேர்ந்து அதே அம்மனுக்குக் கற்பூரம் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அம்மா பாத்தியில் கால் வைப்பாள். சின்ன வயதிலிருந்து பார்த்தது. அதை எடுக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவேயில்லை? அப்படியென்றால் நான் எடுத்த அம்மாவும் முழு அம்மா இல்லையே. யார் பொய் சொல்கிறார்கள் என்றே பிடிபடாமல், சரி வா என்றேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் எடுத்தோம். சட்டைக் காலரில் சின்ன மைக்கைக் குத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக் கை கூப்பினாள். உதடு அசைந்தது. பரவாயில்லையே, நன்றாக நடிக்கிறாளே என்று சிரிப்பு வந்தது. அப்புறம்தான் காதில் விழுந்தது.

"தாயே, பெரியவ நல்லவதான். அவளால சின்னவளுக்கு வந்த வேலை போயிடாம நீதான் பாத்துக்கணும்."

ஹெட்போனைக் கழற்றினேன். மைக் இருப்பதை மறந்துவிட்டாளா, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாளா, இன்றுவரை தெரியவில்லை. கேட்கவும் பயம். அம்மா சாதாரணமாகத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா வந்துச்சா? இன்னொரு வாட்டி கும்புடட்டுமா?"

போதும்மா என்றேன்.

சர்ச்சில் எடுத்ததை அன்றே அழித்துவிட்டேன். தங்கை வேலையில் சேர்ந்துவிட்டாள். கோயிலில் எடுத்ததை மட்டும் படத்தில் சேர்க்கவும் முடியவில்லை, அழிக்கவும் மனசு வரவில்லை. என்னிடமிருந்து தங்கையைக் காப்பாற்றச் சொல்லி என் அம்மா சாமியிடம் கேட்கிறாள். நானே அதை ஃபோகஸ் தவறாமல் எடுத்து வைத்திருக்கிறேன்.