அணைக்கட்டுக்கு எழுதாத சிம்பொனி

லெனின்கிராடில் லெவ் கொர்னேயேவிச் துலூபொவ் என்ற பெயரைச் சொன்னால் அவர் குடியிருந்த கட்டடத்துக்காரர்களுக்கே தெரியாது. "வாத்துக் கார்ட்டூனுக்கு மியூசிக் போட்டவர்" என்றால் டிராம் கண்டக்டர்கூட அந்த மெட்டைச் சீட்டியடித்துக் காட்டுவார். சரத்தோவில் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, இசைக் கல்லூரியில் ஒன்பது வருடம் முட்டிமோதி, கடைசியில் ஒரு வாத்தால் பெயரெடுத்தவர். அதில் அவருக்கு மனக்குறைதான். ஆனால் சோறு போட்டது வாத்து என்பதை அவர் மறுத்ததில்லை.

ஐம்பத்து மூன்றாம் வயதில் மனைவி அக்னியா இறந்தாள். அவர் அழவில்லை, ஒரு சிம்பொனி எழுதினார். அதன் கடைசிப் பகுதி மெல்ல மெல்ல அடங்கி ஒற்றை வயலினோடு நின்றுவிடும். அது ஒருமுறையாவது மேடையேற வேண்டும். அதற்குமேல் அவருக்கு ஆசை எதுவும் மிச்சமில்லை.

மேடையேற்ற அரசின் ஒப்புதல் குழு சம்மதிக்க வேண்டும். வழக்கம்போலப் பியானோவில் வாசித்துக் காட்டினார். குழுவில் ஐந்து பேர் தேநீர் குடித்தபடி கேட்டார்கள். இரண்டு பேர் கேட்டபடி தூங்கினார்கள்.

தலைவர் பொர்ஃபீரி சவ்விச் கண்ணாடியைத் துடைத்தார். "எல்லாம் சரி லெவ் கொர்னேயேவிச், இது யாரைப் பத்தினது?"

அக்னியாவைப் பற்றி என்று சொன்னால் சொந்தச் சோகம் என்று மூலையில் போட்டுவிடுவார்கள். எதிர்ச் சுவரில் சைபீரிய அணை ஒன்றின் படம் தொங்கியது.

"அணை கட்டுற தொழிலாளிங்களைப் பத்தி."

"அப்போ கடைசியில ஏன் இப்படி அடங்கிப்போகுது?"

"ஷிஃப்ட் முடிஞ்சு தூங்குறாங்க."

தூங்கிக்கொண்டிருந்த இருவரும் விழித்து, மிகவும் யதார்த்தமாக இருக்கிறது என்று கை தூக்கினார்கள். முத்திரை விழுந்தது. கையோடு, அரங்கேற்றத்தை அந்த அணையிலேயே வைத்துக்கொள்வது என்றும் முடிவானது.

அணை ஊரின் கலாசார மாளிகை நிரம்பி வழிந்தது. கடைசி வயலின் நின்றபோது ஒருவரும் கைதட்டவில்லை. பிறகு வழக்கப்படி கேள்வி நேரம். ராயிசா என்ற கிரேன் ஓட்டும் பெண் எழுந்தாள்.

"தோழர், பதினோரு வருஷமா இங்க கிரேன் ஓட்டுறேன். ஷிஃப்ட் முடிஞ்சா எங்க ஆளுங்க குடிப்பாங்க, அடிச்சுக்குவாங்க, பாடித் தொலைப்பாங்க. இப்படி அடங்கவே மாட்டாங்க. செத்தது யாரு?"

முன்வரிசையில் பொர்ஃபீரி சவ்விச் பலமாக இருமினார். துலூபொவுக்கு அன்று பொய் வாயில் வரவில்லை.

"என் சம்சாரம். அக்னியா."

"அதானே பார்த்தேன். அந்தக் கடைசித் துண்டை இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லுங்க."

பேருந்துக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வாத்தியக்காரர்கள் வயலின் வில்களை எடுத்தார்கள். ராயிசா உட்காரவில்லை. இறந்தவருக்காக எழுந்து நிற்கும் வழக்கப்படி பக்கத்து இருக்கைக்காரர் எழுந்தார். வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். பொர்ஃபீரி சவ்விச்சும் எழ வேண்டியதாயிற்று. மேடையோரத்தில் துலூபொவ் வாய்விட்டு அழுதார்.

லெனின்கிராடில் அவளை அடக்கம் செய்தபோது வந்தவர்கள் ஆறு பேர். இங்கே எண்ணூறு பேர் நின்றார்கள்.