டாக்டரின் ஐஸ்கிரீம் டப்பா

எங்கள் அலுவலக ஐஸ் பெட்டியின் உறைபனித் தட்டில் ஒரு வெனிலா ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. மூடியைச் சுற்றி வெள்ளை ஒட்டுநாடா. அதன்மேல் நீல மையில் ‘தொடாதே’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதியிருந்தது. நம் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருப்பது அபூர்வம். நெத்திலியோ அரைத்த மிளகாயோ மீந்துபோன ஆட்டுக்கறியோ இருக்கும். அதனால் அங்கே யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. எனக்குப் பட்டது. தன் சாப்பாட்டை எல்லார் தட்டிலும் வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் ஒரு பெண், ஒரே ஒரு டப்பாவை மட்டும் ஏன் ஒட்டி மூட வேண்டும்?

அந்தப் பெண்ணை நாங்கள் டாக்டர் என்றே அழைத்தோம். புள்ளியியலில் வாங்கிய பட்டம் அது. சுங்கை பட்டாணியில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருந்த காப்பிக்கடைக்காரர் மட்டும் அதை நம்பாமல், “டாக்டர், முட்டி வலிக்கு என்னா மருந்து?” என்று வாரந்தோறும் கேட்பார். “நடக்காதீங்க அங்கிள்” என்று சொல்லிவிட்டு மாடியேறுவார் டாக்டர். சுங்கை லாலாங் தோட்டத்தில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாடுபவர். நான் திகாம் பத்துவில் இருந்து வேலைக்கு வந்து போனேன். எனக்கும் அவருக்கும் வணக்கத்துக்கு மேல் பழக்கமில்லை.

அரசாங்கம் தலைநகரில் ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்த ஆய்வுக் குத்தகையில், ஒரு துண்டு எங்களிடம் வந்திருந்தது. விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான ஒரு சிறு விமானத் திடலில், பறவைகள் விமானத்தில் மோதும் அபாயம் எவ்வளவு என்று கணிக்கும் கணித மாதிரியை உருவாக்க வேண்டும். நெல் அறுவடைக் காலம், மழை, விமானங்களின் போக்குவரத்து, விமானிகளின் புகார்கள், ஓடுபாதையில் கிடக்கும் செத்த பறவைகளின் எண்ணிக்கை எல்லாம் அதற்குள் போகும். அபாயம் குறைவு என்று வந்தால் காலையில் பறவை விரட்டும் ரோந்தைக் குறைத்துக்கொள்ளலாம். பெரிய நிறுவனம் எதிர்பார்த்த பதில் அதுதான். அந்தப் பதில் கிடைத்தால் அடுத்த கட்ட வேலையும் எங்களுக்குத்தான் என்று பேச்சு இருந்தது. அந்த விமானங்களில் ஏறுகிறவர்களோ பள்ளி முடித்து வந்த பிள்ளைகள்.

நான் உருவாக்கிய கணித மாதிரி அந்தப் பதிலையே சொன்னது. ஒரு மாதத்திலிருந்து செத்த பறவைகளே இல்லை, வரிசையாகச் சுழியம். அபாயம் சரசரவென்று இறங்கியது. பக்கத்து மேசை அண்ணன், “அப்புறம் என்னா? சைன் வாங்கி அனுப்பு லா” என்றார். டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. “கொஞ்சம் பொறு” என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். காரணம் சொல்லாமல் அறிக்கையை நிறுத்துகிறார். வெள்ளிக்கிழமைகளில் தனியாகத் திடலுக்குப் போகிறார். அந்தப் பயணம் எந்தப் பதிவிலும் இல்லை. ஒருமுறை வேலிக்கு வெளியே இருந்த தேநீர்க் கடையில், புல்வெட்டும் பெண் ஒருத்தி அவரிடம் ஒரு பையைக் கொடுத்ததை நானே பார்த்தேன். திடலில் புல்வெட்டும் நிறுவனத்தின் வேலையும் எங்கள் ஆய்வுக்குள் வருவதால், அவர்களிடம் எதுவும் வாங்கக் கூடாது என்று நாங்கள் ஒப்பமிட்டிருந்தோம். “டாக்டருக்கு வேண்டப்பட்டவங்க யாரோ அந்தக் காண்ட்ராக்ல இருக்காங்க, பாரு” என்றார் அண்ணன். பை கைமாறிய மறுநாள் டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். கனத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, “நானும் வரேன் டாக்டர்” என்றேன். அவர் கார்க் கதவைத் திறந்தபடியே என்னைப் பார்த்தார்.

“யாரு அனுப்புனா உன்னை?”

அவரும் என்னைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. யாரும் அனுப்பவில்லை என்றேன். பக்கத்து இருக்கையில் கிடந்த கோப்பைப் பின்னால் போட்டுவிட்டு, “ஏறு” என்றார்.

தேநீர்க் கடையில், முகத்தைத் துணியால் சுற்றிய அந்தப் புல்வெட்டும் அக்கா, என்னைப் பார்த்ததும் பையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். “இது யாரு, ஆபீஸ் ஆளா?”

“நம்ம புள்ளதான்” என்றார் டாக்டர்.

“நம்ம புள்ளன்னுதான் எல்லாரும் வராங்க.”

இருவரும் ஒரே தேவாலயத்தில் பாடுகிறவர்கள். அந்த உறவில்தான் பை திறந்தது. செய்தித்தாளில் சுற்றிய ஒரு கொக்கு. இறக்கை பிய்ந்த ஓர் ஆள்காட்டிக் குருவி. ஓடுபாதையில் கிடந்ததா என்று கேட்டேன். “பின்ன, பாசார்ல வாங்குனேனா?” என்றார் அக்கா. புல்வெட்டும் வேலையின் புதிய குத்தகையில் ஒரு விதி வந்திருந்தது. செத்த பறவை கிடந்தால் புல்லைச் சரியாக வெட்டவில்லை என்று பொருள். புல்வெட்டும் நிறுவனத்துக்கு ஒரு குறைப்புள்ளி. அதனால் அதிகாரிகள் எண்ணிப் பார்க்கச் சுற்றிவருமுன், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இந்தப் பெண்களை அனுப்பி, பறவைகளைப் பொறுக்கிச் சாக்கடையில் போடச் சொன்னார். “புள்ளி ஏறுனா காண்ட்ராக் போயிரும். அது போனா நாங்களும் போயிருவோம். எம்பேரு மட்டும் வராமப் பாத்துக்க” என்றார்.

பறவைகள் செத்துக்கொண்டுதான் இருந்தன. என் சுழியங்கள் தொடங்கிய மாதம், புதிய குத்தகை தொடங்கிய மாதம்.

திரும்பும்போது, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ யாரோட ஆளுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் டாக்டர். டப்பாவில் உறையவைத்திருக்கும் பறவைகளை ஆதாரமாகக் காட்டலாமே என்றேன். “எங்கேருந்து வந்துச்சின்னு கேப்பாங்க. சொன்னா அக்காவுக்கு வேலை போச்சு. சொல்லலைன்னா நானே காட்டுல புடிச்சிக் கொண்டாந்தேம்பாங்க.”

கடைசியில் டப்பாவைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. புதிய குத்தகை தொடங்கிய மாதம் முதலான செத்த பறவைகளின் எண்ணிக்கையை டாக்டர் மாதிரியிலிருந்து நீக்கினார். எண்ணிக்கை ஏறினால் தண்டனை விழுகிறவர்களே எண்ணுவதற்கு முன் ஓடுபாதையில் வேலை செய்வதால் அந்த எண்ணை நம்ப முடியாது என்று ஒரே வரியில் காரணம் எழுதினார். அபாயம் இறங்கவில்லை. கையெழுத்துப் போட்டார். காலை ரோந்து அப்படியே தொடர்ந்தது. அடுத்த கட்ட வேலை எங்களுக்கு வரவில்லை.

சில வாரங்களில் அந்த அக்காவைத் திடலிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டாக்டர் என் மேசைக்கு வந்து, “நீ யார்கிட்டயாச்சும் சொன்னியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “நீங்க?” என்று கேட்டேன். அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். மறு திங்கட்கிழமை, அந்த டப்பா பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எலுமிச்சைச் சோப்பு வாசனை. ஒட்டுநாடாவைக் காணோம். “நான் இல்ல லா” என்றார் அண்ணன், யாரும் கேட்பதற்கு முன்பே. அவர் இப்போது தலைநகரில் அந்தப் பெரிய நிறுவனத்தில் வேலை செய்கிறார். அதை ஒரு தகவலாக மட்டும் இங்கே வைக்கிறேன். நானும் டாக்டரும் மேசைக்கு மேசை பேசியதை வேறு யாரேனும் கேட்டிருக்கலாம். மண்டோரே தேநீர்க் கடைப் பக்கம் வந்திருக்கலாம். அறிக்கையின் அந்த ஒற்றை வரியே அக்காவைக் காட்டிக் கொடுத்திருக்கவும் கூடும்.

டாக்டர் பிறகு வேலையை விட்டு, மெர்போக் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார். அக்கா இப்போது ஒரு தொழிற்சாலை உணவகத்தில் இருக்கிறாராம். தேவாலயத்தில் இருவரும் இன்னும் ஒரே வரிசையில் நின்று பாடுகிறார்கள். பாட்டு முடிந்தால் பேசிக்கொள்வதில்லை என்று டாக்டரே ஒருமுறை தொலைபேசியில் சொன்னார்.

நான் எடுத்துவந்த அந்த டப்பா இப்போது என் வீட்டில் இருக்கிறது. அம்மா அதில் நெத்திலி வைக்கிறார். மூடியோரத்தில் ஒட்டுநாடாவின் பசை இன்னும் போகவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னால், ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அவர் கையில் கொடுக்கிறேன்.

“நெத்திலிதான்டி” என்கிறார் அம்மா. “வேற என்னா இருக்கப் போவுது?”